கரண்டு வைத்த நாட்கள்

எங்கள் பக்கத்தில் கதிரியக்கச் சிகிச்சைக்குக் 'கரண்டு வைப்பது' என்று பெயர். 'அவியளுக்குத் திருவந்தரத்திலே கரண்டு வச்சிருக்கு' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார். மின்சாரம் வேறு, கதிர் வேறு என்று உறவினர்களைத் திருத்துவது எங்களுக்கு வழக்கமாக இருந்தது. நாங்கள் இருவரும் தமிழ் கற்பிக்கிறவர்கள், வெவ்வேறு கல்லூரிகளில். சொல்லைத் திருத்துவது தொழிலோடு ஒட்டிக்கொண்ட நோய். ஆனால் 'கதிர்' என்ற சரியான சொல்லை வீட்டில் பயன்படுத்த எங்களுக்கும் நா எழவில்லை. நாஞ்சில் நாட்டில் கதிர் என்றால் நெற்கதிர். கன்னிப்பூவிலும் கும்பப்பூவிலும் அது முற்றித் தலைசாய்வதையே பார்த்து வளர்ந்த ஒருவரிடம், உங்கள் நெஞ்சுக்குள் கதிரைச் செலுத்தப் போகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? ஆகவே நாங்களும் கரண்டு என்றே சொன்னோம்.

சொல்லவேண்டியிருந்தது அப்பாவிடம். எங்களில் ஒருவருக்கு அவர் தந்தை, மற்றவருக்கு மாமனார். இருவரும் அப்பா என்றே அழைத்தோம். அவர் இருவரையும் 'மக்களே' என்றே கூப்பிட்டார்.

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், புத்தனாறு என்று கிளைபிரிந்து கடைமடைவரை போகிறதல்லவா, அந்த வழியில் மதகுகளைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பணி. எந்த மதகை எத்தனை சுற்றுத் திருகினால் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் ஏறும் என்பது அவருக்கு மனப்பாடம். முறைத்தண்ணீர் விடும் இரவுகளில் மதகடியிலேயே கிடப்பார். துணைக்குப் பீடி. நாளொன்றுக்கு இரண்டு கட்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். ஓய்வுபெற்றபின் பீடியை விட்டார்; நுரையீரல் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

2021ஆம் ஆண்டின் இறுதியில் இருமல் தொடங்கியது. எக்ஸ்ரேயில் ஒரு நிழல். ஒரு மருத்துவர் அதைக் காசநோய் என்று முடிவுகட்டினார். சளியில் கிருமி தென்படவில்லை. இருந்தும் மருந்து தொடங்கப்பட்டது. நான்கு மாதம் அப்பா அந்த மாத்திரைகளை ஒருநாள்கூடத் தவறாமல் விழுங்கினார்; சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிற்று; நிழல் அசையவில்லை. நம் நாட்டில் நுரையீரல் புற்றுக்கும் காசத்துக்கும் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது என்று பின்னால் அறிந்தோம். அந்த மருத்துவர்மேல் எங்களுக்கு இன்று கோபமில்லை என்று எழுதினால் அது பொய். நான்கு மாதத்தில் நிழல் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்ற கணக்கை நாங்கள் எத்தனையோ இரவுகளில் போட்டுப் பார்த்திருக்கிறோம்.

2022 ஜூனில் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். வலது நுரையீரலின் வேர்ப்பகுதியில் கட்டி. இரு நுரையீரல்களுக்கும் இடையிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் நோய். மூன்றாம் நிலை. அறுவைக்கு இடமில்லை, கதிரும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கலாம் என்றார்கள்.

அப்பாவிடம் 'நெஞ்சில் ஒரு கட்டி, கரண்டு வைத்தால் கரைந்துவிடும்' என்று மட்டும் சொல்லி அழைத்துப்போனோம். தமிழ் படித்த எங்களுக்கு ஒன்று தோன்றவில்லை. அப்பா 1947இல் பிறந்தவர். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்னால் திருவிதாங்கூர்-கொச்சிப் பள்ளிக்கூடத்தில் மலையாள எழுத்துக் கற்றவர். மருத்துவமனை வாசலில் இருந்த பலகை எங்களுக்கு வெறும் சுழிகள். அவர் நின்று நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார். "அர்புதம்னு போட்டிருக்கான் மக்களே. மலையாளத்துக்காரனுக்குப் புத்துநோய் அர்புதம். நமக்குத்தான் அற்புதம் வேற" என்றார். பிறகு செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். இரண்டு சொற்களும் வடமொழியிலிருந்து வெவ்வேறு வழியில் வந்தவை. வகுப்பில் சொல்லத்தக்க நல்ல எடுத்துக்காட்டு. இன்றுவரை சொன்னதில்லை.

*

அந்த மாதம் நாங்கள் படித்ததுபோல முதுகலைத் தேர்வுக்குக்கூடப் படித்ததில்லை. ஒரு குறிப்பேடு போட்டோம். கோபால்ட், முப்பரிமாண முறை, ஐ.எம்.ஆர்.டி., எஸ்.பி.ஆர்.டி., புரோட்டான் என்று வரிசையாக எழுதி, எதிரே நிறை, குறை, செலவு. ஒரே குறளுக்குப் பரிமேலழகர் உரையையும் மணக்குடவர் உரையையும் எதிரெதிரே வைத்து ஒப்பிடுவோமே, அந்தப் பழக்கம். பழையது கீழே, புதியது மேலே என்று பட்டியல் தானாகவே ஏறுவரிசையில் அமைந்தது. அந்த ஏறுவரிசைதான் எங்கள் பிழை. அது தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

கோபால்ட்டை முதல்நாளே அடித்துவிட்டோம். அது ஐம்பதுகளின் சாதனம் என்று எண்ணினோம். 1951இல் கனடாவில் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே அப்படியோர் இயந்திரம் வந்து சேர்ந்தது. பிற்பாடு பாபா அணு ஆராய்ச்சி மையமே 'பாபாட்ரான்' என்ற பெயரில் உள்நாட்டில் ஒன்றை வடிவமைத்தது. கோபால்ட்-60 ஓயாமல் கதிர்வீசும் உலோகம். ஐந்தேகால் ஆண்டில் அதன் வலிமை பாதியாகிவிடும். அதன் மூலம் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் அகலம் உடையது. அகலத்திரி விளக்கின் நிழலுக்கு ஓரம் மங்கலாக இருப்பதுபோல அதன் கதிர்க்கற்றைக்கும் ஓரம் மங்கல். நுரையீரல்போன்ற இடத்தில், கட்டிக்கு ஒரு விரற்கடை தள்ளி இதயமும் உணவுக்குழாயும் தண்டுவடமும் இருக்கும்போது, அந்த மங்கல் ஓரத்துக்கு விலை உண்டு.

எங்கள் கண் எஸ்.பி.ஆர்.டி.மேல் விழுந்தது. முப்பது நாள் கொடுக்கவேண்டிய கதிரைச் செறிவாக்கி மூன்று அல்லது ஐந்து தடவையில் முடித்துவிடும் முறை. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மூன்று தடவையில் 54 கிரே கொடுத்து, மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேற்பட்டோரிடம் அந்த இடத்துக் கட்டி கட்டுக்குள் இருந்தது. அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டோம். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் யார் என்ற வரியை வட்டமிடவில்லை.

எஸ்.பி.ஆர்.டி. கிடைக்காவிட்டால் புரோட்டான். 2019 ஜனவரியில் சென்னையில் அப்பல்லோ குழுமம் புரோட்டான் மையம் திறந்த செய்தி நினைவிருந்தது. எக்ஸ் கதிர் உடலுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும் வழியெல்லாம் சுட்டுக்கொண்டே போகும். புரோட்டானோ குறிப்பிட்ட ஆழம்வரை சென்று, தன் ஆற்றலின் பெரும்பகுதியை அங்கே இறக்கிவிட்டு நின்றுவிடும். கட்டிக்கு அப்பால் ஒன்றும் போகாது. படிக்கும்போதே மெய்சிலிர்த்தது. செலவு பல லட்சம். அப்பாவின் பெயரில் பத்து மரக்கால் விதைப்பாடு வயல் இருந்தது. தரகரைப் பார்த்தோம். அவர் ஒருவரை அழைத்துவந்து வரப்பில் நிற்கவைத்த செய்தி மாலைக்குள் அப்பாவுக்கு எட்டிவிட்டது.

அன்றிரவு வீட்டில் நடந்ததை விரித்தெழுத விருப்பமில்லை. அப்பா சத்தம் போடவில்லை. "என்னெ காப்பாத்தணும்னுதான் செய்யுதிய. ஆனா எங்கிட்டே ஒரு வார்த்தை கேட்டேளா?" என்றார். கேட்கவில்லை. நோயின் பெயரையும் சொல்லவில்லை, வயலைப் பற்றியும் கேட்கவில்லை. மறுநாள் மருத்துவரைப் பார்க்க மூவரும் போனோம்; அப்பா முன்னிருக்கையில்.

*

அந்தக் கதிர்மருத்துவர் மலையாளி. தமிழ் தட்டுத்தடுமாறி வரும். எங்கள் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். திரையில் அப்பாவின் ஸ்கேனைத் திறந்து கட்டி இருக்கும் இடத்தைக் காட்டினார்.

எஸ்.பி.ஆர்.டி. என்பது நுரையீரலின் ஓரத்தில், தனித்து நிற்கும் சிறிய கட்டிக்கு. நாங்கள் வட்டமிட்ட ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் தொடக்கநிலை நோயாளிகள். உடல்நிலை காரணமாக அறுவை செய்ய முடியாதவர்கள். அப்பாவின் கட்டி பெரிய மூச்சுக்குழாயை ஒட்டியிருக்கிறது. அதோடு கணுக்கள் வேறு. அவ்வளவு செறிந்த கதிரை அங்கே மூன்று தடவையில் கொட்டினால் மூச்சுக்குழாயும் இரத்தக்குழாயும் தாங்காது. தொடக்க காலத்தில் நடுப்பகுதிக் கட்டிகளுக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்து, கடுமையான தீங்கு நேர்ந்ததை 2006இலேயே எழுதிவிட்டார்கள்.

புரோட்டான்? இதே மூன்றாம் நிலை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குப் புரோட்டானும் மற்றதற்கு ஐ.எம்.ஆர்.டி.யும் கொடுத்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. நுரையீரல் அழற்சியிலும் சரி, கட்டி மீண்டும் வளர்வதிலும் சரி, புரோட்டான் மேல் என்று காட்ட முடியவில்லை. புரோட்டான் குறித்த ஆழத்தில் நிற்கும் என்பது உண்மை. ஆனால் நுரையீரல் காற்றும் சதையும் கலந்தது. மூச்சு விடும்போது அந்த ஆழமே மாறிவிடுகிறது. மிகத் துல்லியமான ஆயுதத்துக்கு அசையும் இலக்கு கூடுதல் சிக்கல். "நாளைக்கு நல்ல முடிவு வரலாம். இன்றைக்கு வயலை விற்கச் சொல்ல எனக்குக் கை வரவில்லை" என்றார்.

நாங்கள் விடவில்லை. அப்படியானால் ஐ.எம்.ஆர்.டி.யிலாவது அளவைக் கூட்டலாமே என்று கேட்டோம். அறுபது கிரேக்குப் பதில் எழுபது? அதற்கும் அவரிடம் விடை இருந்தது. அமெரிக்காவில் இதையே சோதித்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒரு பிரிவுக்கு 60 கிரே, மற்றதற்கு 74. கூடுதலாகக் கொடுத்தவர்கள் கூடுதலாக வாழ்வார்கள் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவில் 60 கிரே பெற்றவர்களின் நடுமட்ட ஆயுள் 28.7 மாதம், 74 பெற்றவர்களுக்கு 20.3 மாதம். மிஞ்சிய கதிர் இதயத்திலும் நுரையீரலிலும் போய் விழுந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். எண்களை நாங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு என்ன செய்யப்போறிய, அதெச் சொல்லுங்க" என்றார் மருத்துவரிடம்.

மருத்துவர் ஒரு தாளை எடுத்து வரைந்தார். முப்பரிமாண முறையில் மூன்று நான்கு பக்கங்களிலிருந்து கட்டியின் வடிவத்துக்கு வெட்டிய கற்றைகளைச் சமமான செறிவில் செலுத்துவார்கள். ஐ.எம்.ஆர்.டி.யில் பக்கங்கள் கூடும். ஒவ்வொரு கற்றைக்குள்ளும் செறிவு இடத்துக்கு இடம் மாறும். இயந்திரத்தின் வாயில் எதிரெதிராக அடுக்கிய டங்ஸ்டன் தகடுகள், விரலைவிட மெல்லியவை, தனித்தனியே நகர்ந்து வழிவிடும், மறைக்கும்.

அப்பா தாளைத் தன்பக்கம் திருப்பிக்கொண்டார். "ஷட்டராக்கும்" என்றார். "ஒரே மடையிலே திறந்துவிட்டா மேலத்து வயலெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போவும். அஞ்சாறு மடையிலே கொஞ்சம் கொஞ்சமா விட்டா அங்கங்கே நனையும், நிறையவேண்டிய இடத்திலே நிறையும். அப்படித்தானே?"

மருத்துவர் எங்களை மொழிபெயர்க்கச் சொன்னார். பெயர்த்தோம். அவர் சற்று யோசித்து, "நனைவதும் உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள்" என்றார். ஐ.எம்.ஆர்.டி.யில் கடும்அளவு பெறும் பரப்பு குறையும். ஆனால் சிறிதளவு கதிர் முன்னைவிட அதிகப் பரப்பில் படும். அதன் விளைவு என்னவோ என்ற தயக்கம் முன்னர் இருந்தது. 60, 74 ஆய்வின் தரவுகளையே மறுபடி அலசி 2017இல் ஒரு கட்டுரை வந்தது. ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களின் கட்டிகள் சற்றுப் பெரியவை. இருந்தும் கடுமையான நுரையீரல் அழற்சி அவர்களில் நூற்றுக்கு 3.5, முப்பரிமாண முறையில் 7.9. அப்பாவுக்கு ஐ.எம்.ஆர்.டி. என்று முடிவாயிற்று. 60 கிரே, முப்பது நாள், வாரம் ஐந்து நாள். வாரத்துக்கொருமுறை மருந்தும் ஏற்றுவார்கள்.

*

சிகிச்சைக்கு முந்தைய திட்டமிடும் ஸ்கேனில் அப்பாவை, அவர் உடலின் அச்சாகவே இறுகிப்போகும் ஒரு மெத்தைப்பையில், கைகளைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்கவைத்தார்கள். மூச்சைப் பத்துக் கட்டங்களாகப் பகுத்து, கட்டத்துக்கு ஒரு படம். உள்ளிழுக்கும்போது கட்டி எங்கே, விடும்போது எங்கே என்று பார்த்து, அது உலவும் இடம் முழுவதையும் வளைத்துக் கோடு போட்டார்கள். நுரையீரலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கட்டி ஒரு மூச்சுக்கு ஒன்று, இரண்டு சென்டிமீட்டர்கூட ஏறி இறங்குமாம். அப்பாவுடையது அவ்வளவு அசையவில்லை. ஒப்பிட்டுக்கொண்டிருந்த முறைகள் அனைத்திலும் மூச்சுதான் சிக்கல் என்பது எங்கள் குறிப்பேட்டில் எங்குமே இல்லை.

நெஞ்சில் மூன்று இடத்தில் அழியாத மைப்புள்ளி வைத்தார்கள். வாழ்நாளில் பச்சை குத்தாத மனிதர். "சாவுக்குப் பொட்டு வச்சாச்சு" என்று அறையில் சொல்லிச் சிரித்தார். எங்களுக்குச் சிரிக்க முடியவில்லை.

மருத்துவக்கல்லூரிப் பக்கத்தில் ஒரு விடுதியறையில் ஆறு வாரம் தங்கினோம். மாறிமாறி விடுப்பெடுத்தோம். விடைத்தாள் கட்டுகள் அங்கேயே திருத்தப்பட்டன. பேருந்தில் ஒன்றரை, இரண்டு மணிநேரந்தான் என்பதால் ஊரிலிருந்து உறவினர்கள் தினமும் வந்தார்கள். வந்தவர்கள் நோய்க்குக் காரணமும் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் சொன்னது மணவாளக்குறிச்சி மணல். அப்பாவின் தாய்வீட்டு ஊர் அது. சின்ன வயதில் அந்தக் கரையில் புரண்டு விளையாடியவர். ஊர்ப்பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். வாயுவிளக்கு வலைக்குத் தோரியம் வேண்டியிருந்த காலம். மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. அந்தக் கரையின் மணல் இயற்கையாகவே கதிர்வீசுவது.

ஆனால் அதே மணலுள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில், ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைப் பத்தாண்டுக்குமேல் தொடர்ந்து கவனித்துத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மணற்கதிரால் புற்றுநோய் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அங்கே கதிர் மிகுந்த ஊர்களில் வெளிப்புற அளவின் நடுமட்டம் ஆண்டுக்கு நான்கு மில்லிகிரே. அப்பாவின் கட்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிரே, அதாவது இரண்டாயிரம் மில்லிகிரே. ஐந்நூறு ஆண்டு மணலில் கிடந்தால் சேரும் அளவு சில நிமிடத்தில். ஆனால் உடல் முழுவதிலும் இல்லை, உள்ளங்கையளவு இடத்தில். இதையெல்லாம் விளக்கியபோது அத்தை ஒருத்தி, "பின்னே என்னத்தாலே வந்துது?" என்றாள். "பீடியாக்கும்" என்றார் அப்பா படுக்கையிலிருந்து.

அப்பாவுக்குக் கதிர்வைத்தியம் புதிய செய்தியன்று. அவருடைய ஆச்சிக்கு நெய்யூரில் 'ரேடியம் வைத்த' கதையை அவர் தாய் சொல்லக் கேட்டிருக்கிறார். வெற்றிலை போடுகிறவள், கன்னத்தில் புண். நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் ஆர் என்ற மருத்துவர் திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதியிருக்கிறார். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் அங்கேதான் அறுவை மருத்துவர். எங்கள் மாவட்டம் கதிர்மருத்துவத்தில் எவ்வளவு மூத்தது என்பது அந்த அறையில்தான் எங்களுக்கு உறைத்தது. அப்போது கதிர்மூலத்தைப் புண்ணுக்குள்ளேயே கொண்டுவைத்தார்கள். இப்போது எட்ட நின்று எறிகிறார்கள். ஆச்சி அதற்குப்பின் எத்தனை ஆண்டு இருந்தாள் என்று கேட்டோம். "வெத்திலெ போட்டுக்கிட்டே இருந்தா, அவ்வளவுதான் தெரியும்."

அங்கிருந்த மருத்துவ இயற்பியலாளர் ஒருவர்தான் எங்கள் சொல்திருத்தத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். லினியர் ஆக்சிலரேட்டரில் கதிர்வீசும் பொருள் எதுவும் கிடையாது. மின்சாரத்தால் எலெக்ட்ரான்களை விரட்டி உலோகத் தகட்டில் மோதவைத்து எக்ஸ் கதிரை உண்டாக்குகிறார்கள். மின்சாரம் நின்றால் கதிரும் நின்றது. "கரண்டு என்பது இந்த இயந்திரத்துக்குச் சரிதானே சார்" என்றார். எங்கள் பக்கத்துச் சனங்கள் கோபால்ட் காலத்திலேயே அந்தச் சொல்லைப் போட்டுவிட்டார்கள். இயந்திரம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் வாரம் விழுங்க முடியாமல் போயிற்று. உணவுக்குழாய் வெந்திருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கஞ்சிகூட நெருப்பாக இறங்கியது. ஆறேழு கிலோ குறைந்தார். ஏன் இதை முப்பது நாளாக இழுக்கிறார்கள் என்று ஓரிரவு சலித்துக்கொண்டபோது அவரே விடை சொன்னார். ஒருநாள் விட்டு மறுநாள் அடைத்தால்தான் மற்ற வயல் காயும். நல்ல செல்கள் இடைவேளையில் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன, புற்றுசெல்களால் அவ்வளவு முடிவதில்லை என்று மருத்துவர் சொன்னதை அவர் அப்படி வைத்திருந்தார். பிரிட்டனில் பன்னிரண்டே நாளில், நாளைக்கு மூன்று வேளை, ஞாயிறும் விடாமல் கொடுத்துப் பார்த்து, 1997இல் அதற்கு நல்ல பலன் கண்டதாகவும் படித்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமையும் மூன்று வேளையும் இயந்திரத்தை ஓட்ட எத்தனை மருத்துவமனையால் முடியும்?

ஆகஸ்ட் இறுதியில் முப்பதாவது நாள் முடிந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. அதற்கிடையில் மருத்துவர் இன்னொன்றையும் சொன்னார். இந்த நிலை நோயாளிகளுக்குக் கதிருக்குப்பின் ஓராண்டு டுர்வலுமாப் என்ற மருந்தைச் செலுத்தினால் ஆயுள் கூடுவதாக 2017 முதல் முடிவுகள் வந்திருக்கின்றன. விலையைக் கேட்டோம். வயலைவிட அதிகம். முதலில் வயலை விற்க ஓடியவர்கள் இப்போது வாய்திறக்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. இயந்திரங்களை ஒப்பிட்ட குறிப்பேட்டில் மருந்துக்குப் பக்கமே இருக்கவில்லை. இதை எழுதும்போதும் அந்த இடத்தில் கை நின்றுதான் போகிறது.

*

அப்பா 2024 செப்டம்பரில் இறந்தார். கதிர் முடிந்து இருபத்தைந்து மாதம். கதிர் பட்ட இடத்தில் நோய் திரும்பவில்லை. கல்லீரலிலும் எலும்பிலும் வந்தது. அதில் பெரும்பகுதி நல்ல நாட்கள். மதகடிக்கு நடந்தார், பேரப்பிள்ளைகளை அதட்டினார், 2023 கும்பப்பூ அறுப்பில் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

2024 மே மாதம் இடுப்பெலும்பில் வலி தொடங்கியது. மாத்திரைக்கு அடங்கவில்லை. இரவில் அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் அடுத்த அறையில் எங்களுக்குக் கேட்கும். மறுபடி திருவனந்தபுரத்துக்குப் போக உடல் இடந்தரவில்லை. அந்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். ஊருக்கு அருகிலிருந்த ஒரு மருத்துவமனையின் பெயரைச் சொன்னார். "அங்கே கோபால்ட்தானே இருக்கிறது?" என்று எங்கள் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் பொறுமையாகச் சொன்னார். எலும்பு வலிக்கு 8 கிரே, ஒரே தடவை. பத்து நாள் கொடுத்தாலும் ஒரே நாள் கொடுத்தாலும் வலி குறைவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. இடுப்பில் மூச்சும் இல்லை, இதயமும் இல்லை. ஓரம் மங்கலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். "அவரை அலைக்கழிக்காமல் இருப்பதுதான் இப்போது நல்ல டெக்னிக்."

ஜூன் இரண்டாம் வாரம் காரில் படுக்கவைத்து அழைத்துப்போனோம். அரக்கு நிறத்தில் தடித்த பழைய இயந்திரம். திட்டமிடலெல்லாம் ஒரு மணிநேரத்தில் முடிந்தது. கோபால்ட் போட்டு நாளாகிவிட்டதால் நேரம் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும் என்று அங்கிருந்த பெண் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னாள். "தண்ணி கொறஞ்சா முறை நீளும், அது தெரிஞ்சதுதானே மக்களே" என்று அப்பா அவளைத் தேற்றினார். வெளியே கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் குறிப்பேட்டில் முதல்நாள் கோடு போட்டு அடித்த வரி அது.

வலி உடனே போகவில்லை. பத்தாம் நாள்வாக்கில் அவர் புரண்டு படுத்தார். அதற்கடுத்த வாரம் இரவில் குறட்டை கேட்டது. அந்தச் சத்தத்துக்காக நாங்கள் இருவரும் விழித்துக் கிடந்தோம்.

கரண்டு வைத்துத் திரும்பிய அன்று வழியில் ஒரு மதகைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொன்னார். அந்த ஆண்டுக் கன்னிப்பூவுக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். கண்ணாடியை இறக்கிவிட்டோம். கால்வாய் நிறையச் செம்மண் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தலையைத் தூக்கித் திருகாணியின் உயரத்தையே பார்த்தார்.

"ஒரு சுற்றுக் கூடத் தொறந்திருக்கான்" என்றார். "கீழத்துக்காரன் வந்து சத்தம் போடுவான் பாருங்க."